முதலில் தண்ணீர், பிறகுதான் தகரம்

கேள்வி: திருகோணமலை பாலையூற்றில், மறுபக்கம் வழியில்லாத ஓர் ஒழுங்கையில் குடியிருக்கிறோம். எங்களுக்கு அடுத்த வளவில் ஒரு பெரியவர் தனியே இருக்கிறார். படகு எஞ்சின் திருத்துவதில் பெயர் எடுத்தவர்; ஒழுங்கை முழுவதும் அவரை 'எஞ்சின் ஐயா' என்றுதான் சொல்லும். மனைவி தவறி மூன்று வருடமாகிறது. அதன் பிறகு வளவு நிறையப் பழைய சாமான் சேர்ந்துவிட்டது. டயர், பிளாஸ்டிக் பீப்பாய், பழுதான குளிர்சாதனப் பெட்டி, உடைந்த ஃபைபர் படகு, எஞ்சின் மூடி, தகரம் என்று எல்லாம் கிடக்கின்றன. இப்போது மதிலுக்கு வெளியேயும் வந்துவிட்டன. குப்பை எடுக்கும் உழவு இயந்திரம் திரும்ப இடமில்லாமல் ஒழுங்கை முகப்போடு நின்றுவிடுகிறது. எலித்தொல்லை வேறு. சென்ற தை மாதம் என் இளைய மகனுக்கு டெங்கு வந்து வைத்தியசாலையில் வைத்திருந்தோம். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஒருமுறை வந்து அறிவித்தல் கொடுத்தார். அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஐப்பசி மழைக்கு முன் ஜே.சி.பி. பிடித்து ஒரே இரவில் அள்ளிவிடலாம் என்கிறார்கள் ஒழுங்கை இளைஞர்கள். கொளுத்திவிடலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். எதிலும் கையொப்பம் வைக்காதே என்கிறார் என் கணவர். எங்கள் கல்யாண வீட்டில் மின்சாரம் போனபோது தன் ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அந்த ஐயா. வவுனியாவில் இருக்கும் அவருடைய மகளிடம் பேசினால், "நான் சொன்னால் அப்பா கேட்கமாட்டார்" என்கிறார். என்னதான் செய்வது?
— வாசகி, பாலையூற்று

பதில் தருபவர்: ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ஜே.சி.பி.யை நிறுத்துங்கள். ஒருவருடைய வளவுக்குள் அவர் அனுமதியில்லாமல் இறங்குவது ஒரு குற்றம். அங்கிருப்பதை அள்ளிக்கொண்டு போவது இன்னொரு குற்றம். உங்கள் கண்ணுக்கு அது குப்பை, சட்டத்தின் கண்ணுக்கு அது அவருடைய உடைமை. அதிலும் இவர் எஞ்சின் திருத்தியவர். அந்தக் குவியலுக்குள் பாவிக்கக்கூடிய ஒரு கியர் பெட்டி இருந்தது என்று அவர் பொலிஸில் சொன்னால், இருக்கவில்லை என்று காட்ட உங்கள் இளைஞர்களால் முடியாது. இன்று முறைப்பாட்டுக்காரராக நிற்கும் நீங்கள் விடிந்ததும் எதிரிக் கூண்டில் நிற்பீர்கள். நுளம்பைப் பற்றி அங்கே ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

கொளுத்தச் சொன்னவர் யாரென்று தெரியவில்லை. அவர் வீடு ஒழுங்கையின் மறுமுனையில் இருக்கும் என்று மட்டும் ஊகிக்கிறேன். டயரும் ஃபைபரும் குளிர்சாதனப் பெட்டியின் உள்நுரையும் எரிந்தால், அந்தப் புகை முதலில் வருவது அடுத்த வளவில் இருக்கும் உங்கள் வீட்டுக்கு. பிளாஸ்டிக் உட்பட எந்தக் குப்பையையும் திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்டம்பரிலிருந்து நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அந்தப் பேச்சை அதோடு விடலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த வளவை முழுவதும் துப்புரவாக்க வேண்டும் என்ற எண்ணத்தை இந்த மழைக்காலம் முடியும்வரை ஒத்திவையுங்கள். உங்களுக்கு இருக்கும் நாட்களில் அது முடியாது. முடியாத ஒன்றைக் கேட்டால், முடியக்கூடியதும் கிடைக்காமல் போகும். டெங்கு நுளம்பு இரும்பில் பிறப்பதில்லை, தகரத்தில் பிறப்பதில்லை, அதில் நிற்கும் தண்ணீரில் பிறக்கிறது. ஆகவே அந்தக் குவியலைப் பார்க்கும்போது 'எவ்வளவு அசிங்கம்' என்று பார்க்காமல், 'இதில் எது தண்ணீர் பிடிக்கும்' என்று பாருங்கள். நாங்கள் பரிசோதனைக்குப் போனால் அப்படித்தான் பார்ப்போம். அப்படிப் பார்த்தால் குவியல் பாதிக்கு மேல் சுருங்கிவிடும்.

டெங்கு நுளம்பின் பழக்கம் ஒன்றை ஒழுங்கையில் எல்லாருக்கும் சொல்லுங்கள். பெண் நுளம்பு பெரும்பாலும் தண்ணீருக்குள் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை சாகாது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழைத் தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரிக்கும். பிறகு குடம்பி, கூட்டுப்புழு என்று மாறிப் பறக்கும் நுளம்பாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். நமது ஊருக்கு இது மிகவும் பொருந்தும். நமக்குப் பெருமழை ஐப்பசிக்குப் பிறகுதான். அதற்கு முந்திய மாதங்கள் பெரும்பாலும் வெயில். புரட்டாசியில் அந்த வளவை எட்டிப் பார்க்கிறவர்கள், "எல்லாம் காய்ந்து கிடக்கிறது, பயமில்லை" என்பார்கள். காய்ந்த அந்த டயருக்குள்தான் சென்ற மழைக்காலத்து முட்டை காத்திருக்கிறது. தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று நாங்கள் தொண்டை வற்றச் சொல்வது இதற்காகத்தான். புகை அடிப்பதை எல்லாரும் கேட்கிறார்கள். அது பறக்கும் நுளம்பைத்தான் கொல்லும், பீப்பாய்க்குள் நெளியும் குடம்பியை ஒன்றும் செய்யாது.

சாமான்களைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் ஐயாவிடம் பேசப்போவது இதைத்தான். டயரை எப்படிப் புரட்டிப் போட்டாலும் உள்விளிம்பில் தண்ணீர் நிற்கும். கூரைக்குக் கீழே கொண்டுபோக வேண்டும், அல்லது துளை போட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் மரக்கறி வைக்கும் தட்டும், பின்னால் மோட்டாருக்கு மேல் இருக்கும் சிறு தட்டும்தான் கவனிக்க வேண்டியவை. அவற்றைக் கழற்றிவிட்டுக் கதவையும் கழற்றிவிடுங்கள். அது நுளம்புக்காக மட்டுமல்ல, ஒளித்து விளையாடும் பிள்ளை உள்ளே அகப்பட்டால் வெளியே வர முடியாது. எஞ்சின் மூடி மல்லாந்து கிடந்தால் அப்படியே ஒரு சட்டி, கவிழ்த்தால் தீர்ந்தது. ஃபைபர் படகைக் கவிழ்த்து ஒரு முனையைக் கல்லில் தூக்கிவையுங்கள். கரையோரக் கிராமங்களில் கைவிடப்பட்ட படகுகள் குடம்பி பிடிக்க நாங்கள் தவறாமல் போகும் இடங்கள். பீப்பாய்க்கு இறுக்கமான மூடி வேண்டும், அல்லது அதையும் கவிழ்க்க வேண்டும். சரித்து அடுக்கிய தகரம், இரும்புக் குழாய், சங்கிலி, எஞ்சின் கட்டை எல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். கண்ணுக்கு உறுத்தும், ஆளைக் கொல்லாது. ஒன்று மட்டும்: யாராவது எல்லாவற்றையும் தார்ப்பாய் போட்டு மூடுவோம் என்றால், இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். தொய்ந்த மடிப்பில் தேங்கும் தண்ணீர் எதிலும் குறைந்ததல்ல.

எலிக்கு வேறு கணக்கு. எலிக்கு ஒளிய இடமும் வேண்டும், சாப்பாடும் வேண்டும். இரும்பு இடம் கொடுக்கும். சாப்பாடு எங்கிருந்து வருகிறது? அந்த மதிலடியில் கிடக்கும் பைகளில் எத்தனை ஐயாவுடையவை, எத்தனை உங்கள் ஒழுங்கைக்காரர்களுடையவை என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். ஏற்கெனவே அழுக்கான மூலை என்றால் இன்னொரு பையை வைக்க யாருக்கும் கூச்சம் இருப்பதில்லை. அதிலும் உழவு இயந்திரம் உள்ளே வருவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்; அப்படியென்றால் பைகள் ஓரிடத்தில் சேரத்தான் செய்யும். நகரத்துக்குள் மான்கள் பொலித்தீன் பையைக் கிழித்துத் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் ஒழுங்கையில் அந்த வேலையை நாயும் மாடும் செய்யும், மீதி எலிக்கு. மழைத்தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்து, வெறுங்காலோடு நடப்பவருக்குக் காலில் காயமிருந்தால் எலிக்காய்ச்சல் வரக்கூடும். இந்தப் பகுதியைத் திருத்த ஐயாவின் அனுமதி தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் மகனைக் கடித்த நுளம்பு அந்த வளவில்தான் பிறந்தது என்று என்னால் சொல்ல முடியாது; நீங்களும் சொல்லாதீர்கள். டெங்கு நுளம்பு பொதுவாகப் பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீற்றருக்குள் சுற்றுவது. அந்த வட்டத்துக்குள் உங்கள் ஒழுங்கை முழுவதும் அடங்கும். அது பகலில் கடிப்பது, ஆகவே பாடசாலையில் கடித்திருக்கவும் கூடும். ஒரு வீட்டைப் பற்றி முறைப்பாடு வந்தால் பி.எச்.ஐ. அந்த வீட்டோடு திரும்புவதில்லை, அயல் வீடுகளையும் பார்ப்பார். உங்கள் கூரைப் பீலி, குளியலறைச் சீமெந்துத் தொட்டி, பூச்சாடித் தட்டு, கிணற்றடியில் கவிழ்க்காமல் விட்ட வாளி எல்லாவற்றையும் முதலில் பார்த்துவிடுங்கள். முறைப்பாடு எழுதிய வீட்டிலேயே குடம்பி அகப்படும் காட்சி எங்கள் தொழிலில் புதிதல்ல.

ஐயாவிடம் எப்படிப் பேசுவது? மனைவி போன பிறகு சாமான் சேர்ந்தது என்ற உங்கள் ஒரு வரி எனக்குப் போதுமானதாகப் பட்டது. பொருட்களைப் பிரிய முடியாமல் சேர்த்துக்கொண்டே போவதை உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் இப்போது தனி ஒரு மனநலப் பிரச்சினையாகவே வைத்திருக்கிறார்கள். இவருக்கு அது இருக்கிறதா, இல்லையா என்று கடிதத்தைப் பார்த்து நான் சொல்லமாட்டேன். தொழில் பழக்கமாகவும் இருக்கலாம். ஒரு நட்டுக்காக மூன்று பழைய எஞ்சினை வைத்திருப்பவர்கள்தான் நல்ல மெக்கானிக்குகள். ஆனால் எதுவாக இருந்தாலும், அப்படிப்பட்ட ஒருவரின் சாமானை அவர் இல்லாத நேரத்தில் அள்ளினால் அவர் முன்னிலும் வேகமாகச் சேர்க்கத் தொடங்குவார், கதவையும் பூட்டிக்கொள்வார். முள்ளில் விழுந்த சேலையை எடுப்பதுபோலத்தான் இதை எடுக்க வேண்டும். அவர் சாப்பிடாமல், குளிக்காமல், பேச்சுக் குறைந்து இருப்பதாகத் தெரிந்தால் திருகோணமலை பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் கேட்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவும் பகலும் அழைக்கலாம். இளைஞர்களிடம் 'ஐயாவுக்கு மண்டை பிழை' என்ற பேச்சை மட்டும் விடச்சொல்லுங்கள். அது அவர் காதுக்குப் போன பிறகு உங்களால் அந்தப் படலையைத் திறக்க முடியாது.

நீங்கள் போங்கள், கூட்டமாகப் போகவேண்டாம். கல்யாண வீட்டு ஜெனரேட்டரை நினைவில் வைத்திருக்கும் ஆளின் பேச்சுக்கு இருக்கும் மதிப்பு, ஒழுங்கை முழுவதும் சேர்ந்து கையொப்பமிட்ட மனுவுக்கு இராது. மகன் வைத்தியசாலையில் கிடந்ததைச் சொல்லுங்கள், குற்றம் சொல்லாமல். பிறகு இப்படிக் கேளுங்கள்: "ஐயா, மழைக்கு முன் தண்ணீர் நிற்கிற சாமான்களை மட்டும் கவிழ்த்து வைக்க எங்கள் பெடியளை விடுவீர்களா? ஒரு சாமானும் படலைக்கு வெளியே போகாது." கடைசி வாக்கியம்தான் முக்கியம். அதைச் சொல்லிவிட்டு மீறினால் இனி ஒருபோதும் விடமாட்டார்.

நாளும் உங்களுக்கு வசதியாக இருக்கிறது. நவராத்திரி வருகிறது. கராஜ் வைத்திருப்பவரும், ஓட்டோ ஓட்டுபவரும் ஆயுத பூசைக்கு இடத்தைக் கூட்டிக் கழுவி, ஆயுதங்களைத் துடைத்து வைப்பார்கள். எஞ்சின் திருத்திய ஒருவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பூசைக்கு ஐயாவின் பட்டறையைத் துப்புரவாக்க வருகிறோம் என்று இளைஞர்கள் போய் நிற்பதற்கும், ஜே.சி.பி.யோடு போய் நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் எழுத வேண்டியதில்லை. எது எங்கே வைக்கப்பட வேண்டும் என்று ஐயாவே சொல்லட்டும். அன்றைக்கு அவராக "இதைக் கொண்டுபோங்கள்" என்று எதையாவது காட்டினால், பழைய இரும்பு வாங்குபவரை அழைத்து, ஐயாவின் முன்னால் எடை போட்டு, காசை அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

மதிலுக்கு வெளியே கிடப்பதில் எனக்கு இந்தத் தயவு இல்லை. ஒழுங்கை பொதுவழி. குப்பை உழவு இயந்திரம் திரும்ப முடியாத இடத்தில் நாளைக்கு அம்புலன்ஸும் திரும்பாது. அதை அவரிடமும் நேரடியாகச் சொல்லலாம்: உள்ளே இருப்பது உங்கள் விருப்பம், வெளியே இருப்பது உள்ளே வரட்டும், நாங்கள் தூக்கித் தருகிறோம். மறுத்தால் உள்ளூராட்சி சபைக்கு எழுதுங்கள். அங்கும் அசைவு இல்லையென்றால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு, பொதுவழியில் உள்ள தடையையும் தொல்லையையும் அகற்றும்படி நிபந்தனைக் கட்டளையிட நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. அதுவரை போகத் தேவை வராது என்றே நினைக்கிறேன்.

இதெல்லாம் பேசிப் பார்க்கும்போதே எழுத்து வேலையையும் தொடங்குங்கள். பேச்சு தோற்ற பிறகு எழுதத் தொடங்கினால் மழை முந்திவிடும். சுகாதார வைத்திய அதிகாரிக்கு ஒரு கடிதம். சபைக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதி. கடிதத்தில் 'தாங்க முடியாத தொல்லை' என்று ஒப்பாரி வைக்காதீர்கள். எந்த இடத்தில், எந்தெந்தத் தண்ணீர் தேங்கும் சாமான், எப்போதிருந்து என்பதை எழுதுங்கள். உங்கள் வளவில் நின்று எடுத்த படம் இரண்டு போதும். மகனின் டெங்கைத் தவறாமல் எழுதுங்கள். டெங்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். வைத்தியசாலை 544 என்ற படிவத்தில் அதைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவித்திருக்கும், ஆகவே உங்கள் முகவரி ஏற்கெனவே அவர்களிடம் பதிவில் இருக்கும். பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் அலுவலகத்தைவிட்டு வெளியே வராதீர்கள். எதிலும் கையொப்பம் வைக்காதே என்ற உங்கள் கணவரின் சொல் ஜே.சி.பி. கூட்டத்து மனுவுக்குச் சரி. இந்தக் கடிதத்தில் அவரே முதலில் கையொப்பமிடலாம், ஏனென்றால் இதில் எவரையும் குற்றம் சாட்டவில்லை, ஓர் இடத்தின் நிலையைத்தான் சொல்கிறீர்கள்.

வந்துபோன பி.எச்.ஐ.யைப் பற்றி. திரும்பி வராததற்குச் சோம்பல்தான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டத்தின்படி அவர் வழக்குத் தாக்கல் செய்யலாம். ஆனால் தனியே இருக்கும் ஒரு முதியவரை நீதவான் முன் நிறுத்த யாருக்கும் எளிதில் கை வராது. அயலவர்களும் அன்றைக்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லையென்றால் கோப்பு கீழே போய்விடும். நீங்கள் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், அந்த அறிவித்தலில் கொடுத்த காலக்கெடு என்ன, மீள்பரிசோதனை நடந்ததா என்று தகவல் அலுவலருக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். பல சமயங்களில் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததே மீள்பரிசோதனைக்குப் போதுமான காரணமாகிவிடும்.

2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது நடந்ததை நம் மாவட்டத்தில் எந்தப் பி.எச்.ஐ.யும் மறந்திருக்கமாட்டார். அந்த ஆண்டு நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. டெங்கு என்ற சொல்லோடு வரும் கடிதத்தை ஒதுக்கிவைக்க இங்கே எவரும் துணியமாட்டார்கள், அது எழுத்தில் வந்தால்.

மத்தியஸ்த சபையும் இருக்கிறது, அயலவர் பிணக்கைப் பேசித் தீர்க்க நல்ல இடம்தான். சட்டத்தரணி தேவையில்லை, அங்கே வருகிற இணக்கம் எழுத்தில் இருக்கும். மழை முடிந்து, மிச்சக் குவியலை எவ்வளவு காலத்தில் குறைப்பது என்று பேச அது பொருந்தும். இப்போது அழைப்பாணை, தவணை என்று தொடங்கினால் கார்த்திகை வந்துவிடும். பொலிஸுக்குப் போகிற நிலை வந்தால் ஒன்று: முறைப்பாட்டைத் தமிழில் பதியச் சொல்லுங்கள். வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. விளங்காத மொழியில் எழுதியதன் கீழே கையொப்பம் வைக்காதீர்கள். உங்கள் கணவர் சொல்வது இங்கே முழுதும் சரி.

கடைசியாக வவுனியாவில் இருக்கும் மகள். "நான் சொன்னால் கேட்கமாட்டார்" என்பது உண்மையாகவே இருக்கட்டும், அவர் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. வீட்டு உறுதி யார் பெயரில் இருக்கிறது என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதப்படுவது வழக்கம்; அப்பா குடியிருப்பார், உறுதி மகள் பெயரில் இருக்கும். நுளம்புச் சட்டம் குடியிருப்பவரை மட்டும் பிடிப்பதில்லை, உரிமையாளரையும் பிடிக்கும். அப்படியென்றால் நீதிமன்ற அழைப்பாணை வவுனியா முகவரிக்கும் போகலாம். இதை மிரட்டலாகச் சொல்லாதீர்கள், தகவலாகச் சொல்லுங்கள். அதோடு ஆயுத பூசை நாளில் வந்து அப்பாவுக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு, பெடியள் சாமான் கவிழ்க்கும்போது பக்கத்தில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருக்க முடியுமா என்று கேளுங்கள். பஸ் காலையில் இருக்கிறது, மாலைக்குள் திரும்பிவிடலாம். அவர் வர ஒத்துக்கொண்டால் அந்தத் திகதியைப் பி.எச்.ஐ.க்கும் அறிவித்துவிடுங்கள், சீருடையில்லாமல் வந்து ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன் என்று சொல்லுங்கள்.